மலைக்குள் நின்ற ரயில்

பதினெட்டாம் மேசைக்கும் பத்தொன்பதாம் மேசைக்கும் நடுவே
தரை சரிகிறது.
டெல்ஃப்சைல் உள்ளரங்கில் கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு
அது தெரியாது. எங்கள் சரக்கு ரயிலுக்குத் தெரியும்.
ரூலோஃப் முழங்காலிட்டு
பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டைகளை
மேசைக்காலின் கீழ் செருகுகிறார். மூன்று.
பிறகு ஒன்றை உருவிக் கிழித்து, இரண்டரை.

பதினோரு மாதம்
மாடியறைகளில், பல் மருத்துவர் ஒன்னோவின் கார்க் கொட்டகையில்,
மதகு நிலையத்தில் ஹில்யெயின் இரவுப் பணி நேரத்தில்
(இதை வெளியே சொல்ல வேண்டாம்)
தனித்தனியே கட்டிய நாற்பத்திரண்டு துண்டுகள்
இன்றுதான் ஒன்றையொன்று பார்க்கின்றன.
வீபெயின் ஊரிலிருந்து புறப்படும் சாலை
என் வயலில், ஒரு பசுவின் வயிற்றில் போய் முடிகிறது.
சாலையை நகர்த்த முடியாது என்றான்.
பசுவை நகர்த்தினேன்.

என் பொறுப்பு சாம்பல் நிறம்.
பழைய சாம்பல் ஒரு வாளி, புதிய சாம்பல் ஒரு வாளி.
புதியதில் துளி நீலம் உண்டு.
ஜன்னலோரம் இரண்டையும் ஏந்தி
மனைவியிடம் காட்டினேன்.
"ஆமாம் ஆமாம்" என்றாள்,
கட்டையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

மலை ஹில்யெயின் பிடிவாதம்.
கடல் மட்டத்துக்குக் கீழே பிறந்து
பாலத்தில் ஏறினாலே மூச்சு வாங்கும் எங்களுக்கு
எதற்கு மலை என்று கேட்டோம்.
அதற்குத்தான் என்றாள்.
முப்பத்தோராயிரம் கட்டைகள்,
பனி, பைன் மரங்கள், கயிற்றில் தொங்கும் ஒருவன்.
உள்ளே கைவிட ஒரு மூடி வைக்கலாமே என்றேன்.
"எந்த மலைக்கு மூடி இருக்கிறது?"

வெள்ளி இரவு பதினொன்று நாற்பது.
சரக்கு ரயில் சுரங்கத்துக்குள் போனது.
நாங்கள் மறுவாயில் போய்க் குனிந்து நின்றோம்
பேறுகால அறைக்கு வெளியே நிற்பவர்கள் போல.
வரவில்லை.

ஒன்னோ தன் பல் பார்க்கும் கண்ணாடியை நீட்டிப் பார்த்தார்.
வீபெயின் மகள் கை விட்டாள், முழங்கை வரைக்கும்தான்.
பிரித்துவிடலாம் என்றார் ரூலோஃப்.
காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும்,
எலி பிடிக்க மலையைக் கெல்லுவதா?
வாக்கெடுத்தோம். நான்குக்கு ஒன்று.
அந்த ஒன்று ஹில்யெ இல்லை.

மற்ற மூன்று பாதைகளில் ரயில்கள் ஓடின,
இரண்டு நாளும், தடம் புரளாமல்,
துறைமுகம், காற்றாலை, என் இடம் மாறிய பசு எல்லாவற்றையும் கடந்து.
யாரும் அவற்றைப் பார்க்கவில்லை.
கூட்டம் முழுக்கச் சுரங்க வாயில்.
முகப்பு விளக்குக்குத் தனி பேட்டரி,
உள்ளே எங்கோ வளைவில்
சுவரில் மட்டும் மஞ்சளாக ஒரு கசிவு.
"எப்போது வெளியே வரும்?"
முதலில் உண்மையைச் சொன்னோம்.
சனி மதியத்துக்கு மேல்
"தாமதமாக ஓடுகிறது" என்றோம்.
இந்த நாட்டில் அதற்கு விளக்கம் தேவையில்லை,
தலையாட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.
மழைக்கோட்டைக் கழற்றாத ஒரு பையன், யெல்மர் என்று பெயர்,
அவித்த முட்டை கொண்டுவந்து
அங்கேயே உட்கார்ந்து தின்றான்.

ஞாயிறு ஐந்து மணி. கதவடைத்தோம்.
பனியை முதலில் எடுத்தது ஹில்யெ,
பிறகு கயிற்றில் தொங்கியவனை,
அவனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.
பதினேழு அடுக்கு இறங்கியதும்
ரயில் இருந்தது, விளக்கு எரிந்தபடி.
முன் சக்கரத்துக்கு அடியில்
ஒரேயொரு குமிழ் உள்ள கட்டை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பழைய சாம்பல்.
புதியது என்றேன்.
யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

யெல்மரை மூன்று மணிக்கே
பேருந்துக்கு நேரமாகிறதென்று கூட்டிப் போயிருந்தார்கள்.
வண்டியில் ரயிலை ஏற்றும்போது
விளக்கை அணைக்க மறந்துவிட்டேன்,
அல்லது அப்படிச் சொல்லிக்கொள்கிறேன்.
அணைக்கரைச் சாலை நெடுக
பின்கண்ணாடியில், அட்டைப்பெட்டியின் இடுக்கில்,
யாரோ உள்ளே உட்கார்ந்து
இன்னும் படித்துக்கொண்டிருப்பது போல.